பழைய சிலோன் ரூபாய்க்கு எந்த ரேட் போடுறது? அஞ்சு வழி இருக்கு, உங்க வேலைக்கு எது சரி

போன மாசம் மட்டும் மூணு பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியோட வந்தாங்க. பந்தலூர்ல இருந்து ஒரு அக்கா, இலங்கையில ஹட்டன் பக்கம் அவங்க அப்பா பேர்ல கிடந்த துண்டு நிலத்தை 2022 மார்ச்ல வித்திருக்காங்க, வருமான வரிக்கு எந்த ரேட்ல கணக்கு காட்டணும்னு கேட்டாங்க. ஊட்டியில எம்.ஏ. படிக்கிற ஒரு தம்பி, தாயகம் திரும்பினவங்களைப் பத்தி ஆய்வு எழுதுறான், சாஸ்திரி ஒப்பந்தத்துல (தோட்டத் தமிழர்கள்ல எத்தனை பேர் இந்தியாவுக்குத் திரும்புறதுன்னு 1964ல இந்தியாவும் சிலோனும் போட்டது) வர்ற 4,000 ரூபாயை இந்திய ரூபாய்ல எவ்வளவுன்னு போடுறதுன்னு கேட்டான். மூணாவது கேள்வி எங்க வீட்டுக்குள்ளயே, கோத்தகிரியில, எங்க அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் நடுவுல, தாத்தா அங்க இருந்து கொண்டு வந்த பணம் இங்க எவ்வளவு ஆச்சுன்னு.

மூணு பேருமே நெட்ல தேடி ஒரு நம்பரை எடுத்து வச்சிருந்தாங்க, மூணுமே தப்பு. நம்பர் பொய்ன்னு சொல்லல, அவங்க வேலைக்கு அது பொருந்தாது. பழைய ரேட்ல "இதுதான் ரேட்"னு ஒண்ணு கிடையாது, ஒரே நாளுக்கு நாலஞ்சு ரேட் இருக்கும், எதுக்கு எதை எடுக்கிறோம்கிறதுதான் விஷயம். நான் கணக்கு வேலை பார்க்கிறவ, எங்க குடும்பமும் மஸ்கெலியால இருந்து வந்த குடும்பம், அதனால தெரிஞ்சதை முழுசா எழுதிடுறேன்.

## முதல்ல எதை வச்சு முடிவு பண்றது

யாருக்குக் காட்டப் போறீங்க, இதுதான் முதல் கேள்வி. வரி ஆபீஸுக்கா, சொந்தக்காரங்களுக்கா, காலேஜ் கைடுக்கா. சட்டம் ஒரு ரேட்டைச் சொல்லிட்டா அப்புறம் நமக்கு எது நியாயமாப் படுதுங்கிறதுக்கு இடமே இல்ல.

அடுத்தது தேதி. ஒரு குறிப்பிட்ட நாள் ரேட் வேணுமா, வருஷத்துக்கு ஒரு சராசரி போதுமா. அப்புறம் அது பேங்க் நம்மகிட்ட வாங்குற ரேட்டா, நமக்கு விக்கிற ரேட்டா, ரெண்டுக்கும் நடுவுலயான்னு பார்க்கணும், ஏன்னா நடு ரேட்ல யாரும் நம்ம கையில காசு தர்றதில்ல.

நாலாவதா ஒண்ணு இருக்கு, பெரும்பாலானவங்க இதை விட்டுடுறாங்க, அந்த வருஷம் அரசாங்கம் ரேட்டைக் கட்டிப் பிடிச்சு வச்சிருந்த வருஷமா இல்லையாங்கிறது. கட்டி வச்சிருந்த வருஷத்துல அரசாங்க ரேட் ஒண்ணு, நிஜத்துல பணம் மாறின ரேட் வேற. கடைசியா, அந்த ரேட்டைக் காகிதத்துல காட்ட முடியுமா, அதை எடுக்க எத்தனை நாள் அலையணும்.

## ரெண்டு ரூபாயும் பிரிஞ்ச கதை

இது தெரியாம எந்த வழியையும் எடை போட முடியாது, அதனால பொறுமையா படிங்க.

ரொம்ப காலம் சிலோன் ரூபாயும் இந்திய ரூபாயும் ஒண்ணுக்கு ஒண்ணுதான். 1949 செப்டம்பர்ல பவுண்ட் விழுந்தப்போ ரெண்டும் சேர்ந்தே விழுந்து டாலருக்கு 4.76ன்னு நின்னுச்சு. சிலோன் மத்திய வங்கி 1950 ஆகஸ்ட்ல வந்ததுக்கு அப்புறமும் அதே 4.76தான். அதனால 1966 ஜூன் 5 வரைக்கும் உள்ள காகிதத்துக்கு அரசாங்க ரேட்ல மண்டையை உடைக்க வேண்டியதில்ல, ரூபாய்க்கு ரூபாய்.

1966 ஜூன் 6ல இந்தியா தன் ரூபாயை டாலருக்கு 7.50ன்னு இறக்குச்சு. சிலோன் அப்போ இறக்கல, 4.76லயே நின்னுச்சு. ஒரே ராத்திரியில சிலோன் ஒரு ரூபாய் நம்ம ஊர்ல 1 ரூபாய் 57 பைசா ஆயிடுச்சு. இன்னைக்கு நம்ம பிள்ளைங்ககிட்ட சொன்னா நம்ப மாட்டாங்க. ஒண்ணரை வருஷம்கூட அது நிலைக்கல, 1967 நவம்பர்ல பவுண்ட் மறுபடியும் விழுந்ததும் சிலோனும் 5.95க்கு இறங்குச்சு, கணக்கு 1 ரூபாய் 26 பைசாவுக்கு வந்துச்சு.

இங்க இருந்துதான் குழப்பம். 1968 மே மாசம் சிலோன் அரசாங்கம் ரெட்டை ரேட் கொண்டு வந்துச்சு. அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ்னு ஒண்ணு, பல வேலைகளுக்கு வெளிநாட்டுப் பணம் வேணும்னா அரசாங்க ரேட்டுக்கு மேல சான்றிதழுக்குன்னு தனியா காசு கட்டணும், ஆரம்பத்துல 44 சதவீதம், போகப் போக 65 வரைக்கும் ஏறுச்சு. ஏற்றுமதியில தேயிலை, ரப்பர், தேங்காய்க்கு மட்டும் பழைய அரசாங்க ரேட்டே. அதாவது நம்ம ஆளுங்க பறிச்ச கொழுந்துல வந்த டாலருக்குக் குறைஞ்ச ரூபாய், மத்த ஏற்றுமதிக்குக் கூடுதல் ரூபாய். இதை நினைச்சா எனக்கு இப்பவும் மனசு ஆறல. 1977 நவம்பர்ல ஜெயவர்த்தன அரசாங்கம் ரெண்டு ரேட்டையும் ஒண்ணாக்கி டாலருக்கு 16ன்னு ஆரம்பிச்சு விட்டுச்சு. நம்ம ரூபாய் அப்போ எட்டரை கிட்ட. சிலோன் ஒரு ரூபாய்க்கு இங்க அம்பது பைசாவுக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் படிப்படியா ரெண்டும் இறங்குச்சு, நம்மளுது 1991 ஜூலைல பெருசா ஒரு இறக்கம், 1992 மார்ச்ல இருந்து ஒரு வருஷம் இங்கயும் ரெட்டை ரேட், அவங்களுது 2001 ஜனவரியில மிதக்க விட்டாங்க, அதாவது சந்தையே ரேட்டை முடிவு பண்ணட்டும்னு விட்டாங்க. கடைசியா 2022. மார்ச் தொடக்கத்துல டாலருக்கு 200 சொச்சம்னு பிடிச்சு வச்சிருந்ததை விட்டதும் மே மாசத்துக்குள்ள 360 கிட்ட போயிடுச்சு. 37 பைசாவா இருந்த இலங்கை ரூபாய் மூணு மாசத்துல 21, 22 பைசா.

## வழி 1: டிரங்குப் பெட்டியில இருக்கிற பேங்க் காகிதம்

எந்த வெப்சைட்டைத் திறக்கிறதுக்கு முன்னாடியும் வீட்டுல தகரப் பெட்டியைத் திறங்க. குடும்ப அட்டை, கப்பல் டிக்கெட், மண்டபம் கேம்ப் (திரும்பி வந்தவங்களைத் தங்க வச்ச முகாம்) சீட்டு இதோட ஒரு பேங்க் சிலிப் இருக்க வாய்ப்பு உண்டு. உங்க பணம் நிஜமா எந்த ரேட்ல மாறுச்சுன்னு சொல்ற ஒரே சாட்சி அதுதான்.

எங்க வீட்டு விஷயத்தையே சொல்றேன். தாத்தா 1979ல தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, அப்புறம் கோத்தகிரிக்கு டான்டீ (தமிழ்நாடு அரசோட தேயிலைத் தோட்டக் கழகம்) தோட்ட வேலைக்கு வந்தவர். அவரோட ஊழியர் சேமலாப நிதி, நம்ம ஊர் பி.எஃப். மாதிரி, 3,215 ரூபாய் 40 சதம். இந்தப் பணத்துலதான் இப்போ வீடு இருக்கிற நிலத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாங்க. சித்தப்பா, "அப்பா போட்டது மூவாயிரத்து இருநூறு"ன்னு அப்பவும் இப்பவும் ஒரே பிடி. அத்தை, "இல்லடா, அவ்வளவு வரல, மீதி என் நகை"ன்னு சொல்லுவாங்க. நாப்பது வருஷமா ஒவ்வொரு பொங்கலுக்கும் இந்தப் பேச்சு வரும், அத்தை கண்ணு கலங்கி எந்திரிச்சுப் போவாங்க.

பெட்டியைக் குடைஞ்சப்போ குடும்ப அட்டையோட பிளாஸ்டிக் கவருக்குள்ள மடிச்சு வச்ச ஒரு மஞ்சள் சிலிப். மடிப்புல கிழிஞ்சு நாலு துண்டு, மை மங்கிப் போயிருந்துச்சு, ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சாத்தான் தெரிஞ்சுது. மேல 3,215.40, கீழ 1,659.20, ஓரத்துல பென்சில்ல ஒரு வகுத்தல். ஒரு ரூபாய்க்கு 51 பைசா சொச்சம். அந்த வருஷத்துச் சராசரியை எடுத்தா இலங்கைக்கு டாலருக்கு 15.57, நமக்கு 8.13, அதாவது 52 பைசா, 1,678 ரூபாய் வரணும். பத்தொம்பது ரூபாய் குறைஞ்சது பேங்க்கோட வாங்குற ரேட்டும் கமிஷனும். தோட்டக் கூலியில அது சில நாள் சம்பளம்.

எங்க அப்பாயி உயிரோட இருந்த வரைக்கும் "அங்க சம்பாதிச்சதுல பாதி கடல்லயே போச்சு"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நாங்க அதை ஒரு பேச்சுக்குச் சொல்றாங்கன்னு நினைச்சோம். அவங்க கணக்கைத்தான் சொல்லியிருக்காங்க.

இந்த வழியோட பிரச்சனை, காகிதம் கிடைக்கணும். கிடைக்கலைன்னா பேங்க்ல கேட்டுப் பார்க்கலாம்னு போனா அம்பது வருஷத்துக் கணக்கை அவங்க வச்சிருக்க மாட்டாங்க. நான் ஒரு கிளைக்கு மூணு தடவை பஸ் ஏறிப் போனேன், ஒவ்வொரு தடவையும் வேற ஒருத்தர் வேற ஒரு ஃபார்ம் குடுத்தார், நாலாவது தடவை "அவ்வளவு பழசு எங்ககிட்ட இருக்காதுங்க"ன்னு சொன்னாங்க. முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

காகிதத்துல எந்த நாட்டு ரூபாய்னு தெரியலைன்னா ஒரு சின்ன அடையாளம். "ரூபா", "சதம்"னு இருந்தா அது அந்தப் பக்கத்துக் காகிதம், அணா, பைசான்னு இருந்தா நம்ம பக்கம். வெறும் ரூ. மட்டும் இருந்தா ஜாக்கிரதை, ரெண்டு நாட்டுலயும் அதே குறிதான்.

## வழி 2: ஸ்டேட் பேங்க் டி.டி. பையிங் ரேட்

வரிக்குன்னா வேற பேச்சே வேண்டாம், இதுதான். 1962 வருமான வரி விதிகள்ல 115வது விதி, வெளிநாட்டு நாணயத்துல வந்த வருமானத்தை ஸ்டேட் பேங்க்கோட டி.டி. வாங்கும் ரேட்ல மாத்தணும்னு சொல்லுது. இங்க டி.டி.ன்னா டிமாண்ட் டிராஃப்ட் இல்ல, டெலிகிராஃபிக் ட்ரான்ஸ்ஃபர், அதாவது பேங்க்ல இருந்து பேங்க்குக்கு நேரா அனுப்புற பணம். தமிழ்ல ரெண்டும் ஒரே மாதிரி கேக்கும், கவுண்டர்ல டிராஃப்ட்டுன்னு புரிஞ்சுக்கிட்டு வேற ரேட்டைச் சொல்லி அனுப்பியிருக்காங்க, அதனால முழுப் பேரைச் சொல்லிக் கேளுங்க.

எந்த நாள் ரேட்ங்கிறதுலதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. வித்த நாள் இல்ல, பணம் கைக்கு வந்த நாளும் இல்ல. சொத்து வித்த லாபத்துக்கு, வித்த மாசத்துக்கு முந்தின மாசத்தோட கடைசி நாள். வாடகை மாதிரி வருமானத்துக்கு அந்த நிதியாண்டோட கடைசி நாள், மார்ச் 31.

பந்தலூர் அக்கா விஷயத்துல இது எவ்வளவு வலிக்குதுன்னு பாருங்க. வித்தது 2022 மார்ச், அப்போ ரேட் பிப்ரவரி 28க்கு உண்டானது, சுமார் 37 பைசா. பங்கு 10 லட்சம் இலங்கை ரூபாய்னு வச்சா வரிக் கணக்குல கிட்டத்தட்ட 3 லட்சத்து 70 ஆயிரம். ஆனா பணம் இங்க வந்து சேர்ந்தது மே மாசம், 22 பைசாவுக்கும் கீழ, கையில வந்தது ரெண்டு லட்சத்துப் பதினஞ்சாயிரம் சொச்சம். கண்ணால பார்க்காத ஒண்ணரை லட்சத்தையும் சேர்த்துத்தான் லாபக் கணக்கு ஆரம்பிக்குது. அந்த அக்கா "இது நியாயமா"ன்னு கேட்டாங்க, நியாயம் இல்லதான், ஆனா சராசரி ரேட்டைப் போட்டுக் காட்டினா நோட்டீஸ் வரும், அதுக்கு ஆடிட்டர் செலவு தனி.

மறைஞ்சிருக்கிற சிரமம் என்னன்னா, ஸ்டேட் பேங்க் தினமும் ரேட் கார்டு போடும், புதுசு வந்தா பழசு அந்த இடத்துல இருக்காது. பழைய தேதிக்கு வேணும்னா கிளையில எழுதிக் கேக்கணும், இல்ல சேர்த்து வச்சிருக்கிற ஆடிட்டர்கிட்ட வாங்கணும். அந்தக் கார்டுல இலங்கை ரூபாய் அந்தத் தேதிக்கு இருக்கான்னும் முதல்ல பாருங்க, இல்லைன்னா டாலர் வழியா போட வேண்டி வரும், அதை எப்படிப் போட்டோம்னு ஒரு குறிப்பு எழுதி ஃபைல்ல வச்சுக்கணும். புது வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1ல இருந்து, அதனால அதுக்கு அப்புறம் வித்தவங்க விதி நம்பரை ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை உறுதி பண்ணிக்கோங்க.

## வழி 3: ரெண்டு மத்திய வங்கி ரேட்டையும் சேர்த்துக் கணக்குப் போடுறது

ரிசர்வ் பேங்க் வெப்சைட்ல டாலர், பவுண்ட், யூரோ, யென் மாதிரி நாணயங்களுக்கு தினசரி ரெஃபரன்ஸ் ரேட் இருக்கு, தொண்ணூறுகளோட கடைசியில இருந்து எடுக்கலாம். 2018 ஜூலைல இருந்து அதைக் கணக்குப் போடுறது எஃப்.பி.ஐ.எல்.ங்கிற தனி நிறுவனம். அதுல இலங்கை ரூபாய் நேரா வராது. அதனால நம்ம டாலர் ரேட்டை இலங்கை மத்திய வங்கியோட அதே நாள் டாலர் ரேட்டால வகுக்கணும். அவங்க ஆண்டறிக்கையோட பின்னிணைப்புல இந்திய ரூபாய்க்கே நேரா பழைய ரேட் இருக்கும், அது கிடைச்சா வகுக்கிற வேலையே இல்ல.

ஒரு நாளுக்கான ரேட்டா, நடுநிலையா, யாரும் கேள்வி கேக்காத மாதிரி வேணும்னா இது நல்ல வழி. குடும்பத்துல சொத்துப் பிரிக்கிறப்போ, அங்க இருக்கிற பங்கையும் இங்க இருக்கிற பங்கையும் ஒரே தேதியில மதிப்புப் போட்டுப் பிரிக்கணும்னா நான் இதைத்தான் சொல்லுவேன்.

ஆனா ரெண்டு இடத்துல சறுக்கும். ஒண்ணு, பெருக்கணுமா வகுக்கணுமாங்கிற குழப்பம். அவங்க, ஒரு இந்திய ரூபாய்க்கு எத்தனை இலங்கை ரூபாய்னு எழுதுவாங்க, நாம திருப்பிக் கேப்போம். 1966 கணக்கையே திருப்பிப் போட்டா 1.57க்குப் பதிலா 63 பைசா வந்துடும், நிறைய பேருக்கு "இலங்கை ரூபாய் எப்பவுமே சின்னதுதானே"ன்னு நினைப்பு இருக்கிறதால அந்தத் தப்பு கண்ணுக்கே படாது. இன்னொண்ணு, 2021 செப்டம்பர்ல இருந்து 2022 மார்ச் வரைக்கும் அங்க அரசாங்க ரேட் 200 சொச்சத்துல கட்டிக் கிடந்துச்சு, வெளிய உண்டியல்காரங்க (பேங்க் வழியா இல்லாம தனியா பணம் அனுப்பி வைக்கிறவங்க) அதைவிட நிறைய கூடக் குடுத்தாங்க. உண்டியல் வழியா அனுப்புறது சட்டவிரோதம், அந்த ரேட்டை எந்தக் காகிதத்துலயும் காட்ட முடியாது, அதனால அதை ஒரு வழியாவே நான் சேர்க்கல. அந்த ஆறு மாசத்து அரசாங்க ரேட்டைப் பார்க்கும்போது அது நிஜ ரேட் இல்லைன்னு மட்டும் மனசுல வச்சுக்கோங்க.

## வழி 4: வருஷ சராசரி

உலக வங்கி தரவுல 1960ல இருந்து ஒவ்வொரு நாட்டுக்கும் டாலருக்கு இவ்வளவுன்னு வருஷ சராசரி இருக்கு. காசு கிடையாது, வீட்டுல உக்காந்தே அஞ்சு நிமிஷத்துல எடுத்துடலாம். ஆய்வு எழுதுறவங்களுக்கு, இருபது முப்பது வருஷத்துப் போக்கைக் காட்டுறவங்களுக்கு இதைவிட வசதி வேற இல்ல.

ஆனா உடைஞ்ச வருஷத்துல சராசரி ஏமாத்திடும். 1977க்கு இலங்கைச் சராசரி சுமார் 8.9ன்னு இருக்கும். அந்த வருஷம் முக்கால்வாசிக்கு மேல அரசாங்க ரேட் அதுக்குக் கீழ, கடைசி ஆறு வாரம் 16. அந்த டிசம்பர்ல பணம் மாத்தின ஒரு குடும்பத்துக்கு 8.9 போட்டா அவங்களுக்குக் கிட்டத்தட்ட ரெட்டிப்புப் பணம் கிடைச்ச மாதிரி கணக்கு வரும். 2022 சராசரி 320 சொச்சம், ஜனவரியில 201, வருஷக் கடைசியில 363, அந்த 320 சொச்சத்துல மாத்தினவங்க யாரு? அதோட 1968ல இருந்து 77 வரைக்கும் உள்ள சராசரியில சான்றிதழ் ரேட் சேராது, அரசாங்க ரேட் மட்டும்தான்.

இன்னொரு கண்ணி, ரிசர்வ் பேங்க் புள்ளிவிவரக் கையேட்டுல நிதியாண்டுச் சராசரி, ஏப்ரல்ல இருந்து மார்ச். இலங்கையில ஜனவரியில இருந்து டிசம்பர். ரெண்டையும் கலந்துட்டா மூணு மாசம் தள்ளிப் போயிடும். ரிசர்வ் பேங்க்லயே காலண்டர் வருஷத்துக்கும் தனி அட்டவணை இருக்கு, அதை எடுங்க.

ஊட்டித் தம்பிக்கு நான் போட்டுக் குடுத்தது இதுதான். 1964 அக்டோபர் 30 ஒப்பந்தத்துல, ஒரு குடும்பம் கொண்டு போகலாம்னு அனுமதிக்கிற உச்ச வரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழ குறைக்க மாட்டோம்னு சிலோன் அரசாங்கம் ஒத்துக்கிச்சு. ஒப்பந்தம் கையெழுத்தான அன்னைக்கு அது இங்க 4,000. 1967 நடுவுல அரசாங்க ரேட்ல 6,300. 1968ல 5,042. அதே 1968ல 44 சதவீதச் சான்றிதழைச் சேர்த்தா 3,500. 1977 கடைசியில 2,100 சொச்சம். ஒப்பந்தத்துல ஒரு எழுத்துகூட மாறல. இந்த அஞ்சுல எதை எழுதுறதுன்னு கேட்டான், அஞ்சையும் எழுது, பக்கத்துல எந்த ரேட்னு எழுதுன்னு சொன்னேன். ஒரே ஒரு நம்பரை மட்டும் எழுதினா, நஷ்டப்பட்டு வந்தவங்களை லாபத்தோட வந்தவங்களாக் காட்டிடுவோம்.

## வழி 5: நெட் கன்வெர்ட்டர்

போன்ல தேதி போட்டா உடனே வரும். நடு ரேட். பலதும் தொண்ணூறுகளுக்கு முன்னாடி போகாது, சிலது போன அஞ்சு வருஷம் மட்டும். சித்தப்பா பையன் இப்படித்தான் 1979 வரலைன்னு இன்னைக்கு ரேட்டைப் போட்டு "தாத்தா பணம் தொள்ளாயிரம்தான்"னு சொல்லி வீட்டுல புதுசா ஒரு சண்டையைக் கிளப்பி விட்டான். சமீபத்து விஷயத்துக்கு, சுமாரா தெரிஞ்சுக்க, பேங்க் குடுத்த ரேட் எவ்வளவு தள்ளி இருக்குன்னு பார்க்க நல்லது. எந்த ஆபீஸுக்கும் இதைக் காட்ட வேண்டாம்.

## ஒரே பார்வையில

| வழி | எவ்வளவு பின்னாடி போகும் | என்ன ரேட் | மறைஞ்ச செலவு | எப்போ எடுக்கலாம் |
|---|---|---|---|---|
| பேங்க் சிலிப் | காகிதம் இருக்கிற வரைக்கும் | நிஜமா கைக்கு வந்தது | தேடுற அலைச்சல் | குடும்பக் கணக்கு, பழைய வழக்கு |
| ஸ்டேட் பேங்க் டி.டி. பையிங் | பழைய கார்டு கிடைச்சா | வாங்கும் ரேட் | ஆடிட்டர், கிளைக்கு நடை | வருமான வரி |
| மத்திய வங்கி ரேட் | ரிசர்வ் பேங்க் தினசரி தொண்ணூறுகள்ல இருந்து, அறிக்கைகள்ல அதுக்கும் முன்னாடி | அரசாங்க ரேட் | கணக்குத் தப்பு, கட்டி வச்ச காலம் | சொத்துப் பிரிவினை, ஒரு நாள் மதிப்பு |
| வருஷ சராசரி | 1960 | அரசாங்க ரேட்டோட சராசரி | உடைஞ்ச வருஷம் மறைஞ்சிடும் | ஆய்வு, நீண்ட காலப் போக்கு |
| கன்வெர்ட்டர் | பெரும்பாலும் தொண்ணூறுகள் | நடு ரேட் | யாரும் ஏத்துக்க மாட்டாங்க | சுமாரா தெரிஞ்சுக்க |

## ரேட்டே வேண்டாத இடம்

சிலர் ரேட் கேக்கிறாங்க, அவங்க மனசுல இருக்கிற கேள்வி வேற. "தாத்தாவோட அந்த 1,659 ரூபாய் இன்னைக்கு எவ்வளவு பெறும்?" இதுக்கு இலங்கை ரூபாய் ரேட் உதவாது. இங்க வந்து இறங்கின அப்புறம் அது இந்திய ரூபாய், அதனால இந்திய விலைவாசிக் குறியீட்டை எடுக்கணும், தொழிலாளர்களுக்கான நுகர்வோர் குறியீடு லேபர் பீரோவுல இருக்கு. 1960, 1982, 2001, 2016ன்னு அடிப்படை ஆண்டு மாறி மாறி வந்திருக்கு, ஒவ்வொரு மாத்தத்துக்கும் ஒரு இணைப்பு எண் குடுத்திருப்பாங்க, அதைப் பெருக்காம விட்டா கணக்கு சிரிக்கிற மாதிரி வரும். முதல்ல அங்க உள்ள விலைவாசியில ஏத்தி அப்புறம் இன்னைக்கு ரேட்ல மாத்துறதுன்னு ஒருத்தர் போட்டிருந்தார், அப்படிப் போட்டா அந்தப் பணம் கடலைத் தாண்டவே இல்லைங்கிற மாதிரி ஆயிடும்.

## இப்போ பணம் வர வேண்டியவங்களுக்கு

இது பழைய ரேட் இல்ல, ஆனா ரெண்டு வருஷம் கழிச்சு இதுவே உங்களுக்குப் பழைய ரேட் ஆகும். இலங்கையில இருந்து பணம் வந்தா பெரும்பாலும் டாலரா மாறி வந்து இங்க ரூபாயாகும், ரெண்டு இடத்துலயும் பேங்க் தன் பங்கை எடுத்துக்கும். மாத்துறதுக்கு ஜிஎஸ்டியும் உண்டு, ஒரு லட்சம் வரைக்கும் தொகையில ஒரு சதவீதத்தை சேவை மதிப்பா வச்சு, குறைஞ்சது 250ன்னு, அதுக்கு 18 சதவீதம், அதாவது சின்னத் தொகைக்கும் 45 ரூபாய். நோட்டாக் கொண்டு வந்து ஊட்டியில மாத்துறது இதைவிட மோசம், இலங்கை நோட்டுக்கு இங்க கேக்கிறவங்க குறைவு, அதனால ரொம்ப இறக்கித்தான் கேப்பாங்க. பணம் வந்த அன்னைக்கே பேங்க்ல உள்வரவுச் சான்று எழுதி வாங்கிடுங்க, அதுல வெளிநாட்டுத் தொகை, ரேட், ரூபாய் மூணும் இருக்கணும்.

எங்க வீட்டுச் சிலிப்பை இப்போ ஸ்கேன் பண்ணி, லேமினேஷன் போடாம (மை உரிஞ்சு வந்துடும்) ரெண்டு கண்ணாடித் தாளுக்கு நடுவுல வச்சிருக்கோம். ஜெராக்ஸோட பின்பக்கம் தேதி, 3,215.40, 1,659.20, பேங்க் ரேட்னு எழுதி அத்தைகிட்ட ஒண்ணு, சித்தப்பாகிட்ட ஒண்ணு குடுத்தேன். சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரெண்டு தடவை படிச்சார், அப்புறம் அத்தை பக்கம் திரும்பி, "எந்த நகைக்கா அது, அந்த அட்டியலா?"ன்னு கேட்டார்.